டம்ளரில் வைத்த பச்சை பெயிண்ட்

செங்கம் ரோடு,
திருவண்ணாமலை.

அன்பு மகள் மதிவதனிக்கு அப்பா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம். நீயும் ஜெர்மனியில் நல்லபடியாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், அதை அப்படியே நம்பலாமா என்றுதான் தெரியவில்லை. போன வாரம் பேசும்போது மூன்று தடவை இருமினாய், கேட்டதற்குத் தூசி என்றாய், பனி கொட்டுகிற ஊரில் தூசி எங்கிருந்து வரும்? எச்.ஐ.வி. கிருமியை வைத்துத்தான் ஆராய்ச்சி செய்கிறாய், உனக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டால் சிரிக்கிறாய். சிரிப்பு ஒரு பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். இதை ஸ்கேன் பண்ண ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் ராமகிருஷ்ணன் முதல் வரியிலிருந்து படித்துவிடுவான். அதனால் நானே கவரை ஒட்டி அனுப்புகிறேன், ஓரம் பிரிந்திருந்தால் உடனே எனக்குச் சொல்.

விஷயம் ஜோதியம்மாளைப் பற்றியது. ஒன்பது வருஷமாக நாம் வாடகைக்கு விடுகிற நாலு ரூமையும் கூட்டித் துடைக்கிறாள், ஒருநாள்கூட அவளால் எனக்கு ஒரு தொந்தரவு இல்லை. ஐப்பசியில் இரண்டாம் நம்பர் ரூம் பெட்ஷீட் ஒன்று காணாமல் போனது. என் புத்தி உனக்குத் தெரியும், அவள் மாடியில் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் பையைத் திறந்து பார்த்துவிட்டேன். பெட்ஷீட் இல்லை, மாத்திரை டப்பா இருந்தது. அதன் பெயரைப் போனில் தேடினேன், நீ ஆராய்கிற அதே கிருமிக்கான மாத்திரை என்று தெரிந்துதான் அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டேன். பெட்ஷீட் இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் டேங்க் பின்னால் கிடைத்தது, காற்றில் பறந்து போய் விழுந்திருக்கிறது.

நீ முதலில் பையைத் திறந்ததற்குத் திட்டினாய், பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய். அதையெல்லாம், வெளிநாட்டுக்காரர் தங்க வந்தால் நிரப்புகிற சி ஃபாரம் பழையது ஒன்றின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த வைரஸின் மேல் முள் முள்ளாகப் புரதம் நீட்டிக்கொண்டிருக்கும், அது ரத்தத்தில் சில செல்களின் மேல் இருக்கிற சிடி4 என்பதை முதலில் பிடிக்கும், பிடித்ததும் முள்ளின் வடிவம் மாறும், மாறினால்தான் பக்கத்திலிருக்கிற சிசிஆர்5 என்ற இரண்டாவதைப் பிடிக்க முடியும், சில சமயம் அதற்குப் பதில் வேறொன்றைப் பிடிக்கும், அதன் பிறகு வைரஸின் உறையும் செல்லின் உறையும் ஒட்டி ஒன்றாகி, உள்ளே இருக்கிற சரக்கு இறங்கிவிடும். நானும் வெளிநாட்டுக்காரர் வந்தால் கேட்டில் ஒரு தடவை முகத்தைப் பார்ப்பேன், மேஜையில் ஒரு தடவை பாஸ்போர்ட்டைப் பார்ப்பேன். நான் இரண்டு சோதனை வைத்திருப்பது ஆளை நிறுத்தத்தான், இது அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டே உள்ளே வருகிறதே என்று கேட்டேன். எதிரிக்கு எதற்கு நம் உடம்பு கைப்பிடி செய்து வைத்திருக்கிறது என்றும் கேட்டேன். அவை அதற்காக இருப்பவை இல்லை, செல்கள் ஒன்றை ஒன்று அடையாளம் காணவும், எங்கே தொல்லையோ அங்கே போய்ச் சேரவும் இருப்பவை, வைரஸ் அதைத் தனக்குப் பயன்படுத்திக்கொள்கிறது என்றாய். பிறவியிலேயே அந்த சிசிஆர்5 இல்லாத சிலரிடம் இது பெரும்பாலும் தோற்றுப்போகிறது என்றாய், அந்த ஆட்கள் மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறார்களா என்று எனக்கு இன்னும் சந்தேகம். டம்ளரில் வாய் வைத்ததாலும் கை பட்டதாலும் அந்த வேலையெல்லாம் நடக்காது, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவரைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை என்று மூன்று தடவை சொன்னாய்.

நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். போனை வைத்ததும் பெயிண்ட் டப்பாவை எடுத்தேன். நம் வீட்டில் பக்கெட், மக், நாற்காலி எதுவானாலும் ரூம் நம்பர் எழுதாமல் விட்டதில்லை, எழுதாத பொருள் கால் முளைத்துப் போய்விடும். அதே பழக்கத்தில் ஜோதியம்மாள் காபி குடிக்கிற டம்ளரின் அடியில் பச்சையாக ஒரு பொட்டு வைத்து, மாறிப்போகாமல் இருக்கத்தான் என்று அவளிடம் சொன்னேன். அதைப் பார்த்துவிட்டு "சரிங்ணா" என்று மட்டும் சொன்னாள். சலவைக்குத் துணி எடுக்க வருகிற அபிநயா, இதில் மட்டும் எதற்குப் பொட்டு என்று கேட்டாள். "அதுல நீ குடிக்காத" என்றேன், மதி, அவ்வளவுதான் சொன்னேன், நோயின் பெயரைச் சொல்லவில்லை. அபிநயா அதைத் தெருவில் சொல்ல, ஒரு வாரத்தில் ஜோதியம்மாளை அவள் வேலை செய்த மற்ற இரண்டு வீட்டிலும் நிறுத்திவிட்டார்கள். என்னிடம் வந்து, உனக்கு முன்னாடியே தெரியுமாமே என்று கேட்டார்கள். மறுநாளிலிருந்து அவள் நம் வீட்டுக்கும் வரவில்லை. இத்தனை வருஷம் அவள் மறைத்துக் காப்பாற்றி வைத்திருந்ததை நான் பெயரைச் சொல்லாமலே ஊருக்குச் சொல்லிவிட்டேன்.

டம்ளரைப் பார்த்துவிட்டு உன் அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள். "ஊர் டீக்கடையில உங்கப்பாவுக்குத் தனி கிளாஸ் வெச்சாங்கன்னு எத்தினி வாட்டி சொல்லியிருப்பீங்க, இப்ப நீங்களே வெச்சிட்டீங்க." டர்பன்டைன் போட்டுப் பொட்டைத் தேய்த்தேன், பாதிதான் போனது. நேற்றுக் காலை அதே டம்ளரில் காபி குடித்தேன். உன்னை முழுசாக நம்பிக் குடித்தேன் என்று எழுதினால் பொய், சி ஃபாரத்தை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் குடித்தேன்.

குடித்த தைரியத்தில் அடி அண்ணாமலையில் இருக்கிற ஜோதியம்மாள் வீட்டுக்குப் போனேன். பையைத் திறந்தது, பொட்டு வைத்தது, அபிநயாவிடம் சொன்னது எல்லாம் ஒப்புக்கொண்டேன். அவள் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை, உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய் வந்தாள். டீயைப் பேப்பர் கப்பில் கொண்டுவந்து கொடுத்தாள். "உங்களுக்குச் சந்தேகம் வாணாம்னு புச்சா வாங்கியாந்தேங்ணா" என்றாள். வீட்டு டம்ளரிலேயே கொடு என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்தக் கப்பிலேயே குடித்துவிட்டு, நாளைக்கு வேலைக்கு வா என்றேன். "யோசிச்சு சொல்றேங்ணா" என்றாள். எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது, மதி.

வேளைக்குச் சாப்பிடு, லேபில் கையுறையைக் கழற்றாதே, அந்த இருமலுக்கு டாக்டரைப் பார். நீ எடுத்த காரியம் கைகூடி நீண்ட ஆயுளோடு இருக்க அம்மாவும் நானும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். தீபத்துக்கு வரும்போது வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் என்னோடு ஜோதியம்மாள் வீட்டுக்கு வர வேண்டும், மறந்துவிடாதே. உனக்கு அவள் வீட்டு டம்ளரில்தான் டீ கொடுப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கு எதில் கொடுக்கிறாள் என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
வேடியப்பன்