கலா தொடாதே

இன்று லேபுக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. முதல் பெட்டியைப் பிரித்து, சாஃப்ட்வேர் ஏற்ற உட்கார்ந்தேன். எங்கே பதிய வேண்டும் என்று திரை கேட்டது. C டிரைவ் என்று பதிலையும் அதுவே போட்டு வைத்திருந்தது. நெக்ஸ்ட் பட்டன் மேல் என் விரல் நின்றுவிட்டது. நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகியும் உன் அதட்டல் போகவில்லை.

"நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டாதடி. எங்க போய் உக்காருதுன்னு பாரு."

சேலையூரின் இந்தப் பள்ளியில் அப்போது கம்ப்யூட்டர் டீச்சர்கள் நாம் இருவர்தான். டிஸ்கின் முதல் பகுதியான C-யில் விண்டோஸ் மட்டும், மற்றதெல்லாம் அடுத்த பகுதியான D-யில் என்பது உன் சட்டம். C படுத்தாலும் D பிழைக்கும் என்பாய். சாஃப்ட்வேர் ஏற்றுகிற செட்டப் ஃபைல் ஒன்றுவிடாமல் D-யில் ஒரு ஃபோல்டரில் சேர்ப்பாய். ஸ்டாஃப் ரூமில் உனக்கு 'குடோன்காரி' என்று பெயர் வைத்ததே நான்தான்.

பிராக்டிகலுக்கு முந்தின நாள் C நிறைந்து உன் கம்ப்யூட்டர் திணறியது. இடம் கிடைக்கட்டும் என்று உன் ஃபோல்டரை ரீசைக்கிள் பின்னிலும் விடாமல் மொத்தமாக அழித்தேன். அது இருந்ததோ D-யில். C-யில் துளி இடம்கூடக் கூடவில்லை. கம்ப்யூட்டர் டீச்சர் செய்கிற தப்பா அது! வருடக்கணக்கில் நீ சேர்த்ததெல்லாம் போயிற்று.

நீ கத்தவில்லை. "இனிமே என்னக் கேக்காம தொடாத, கலா" என்றாய். கேம்ப் ரோட்டில் பஸ் ஏறும்வரை வேறு பேச்சில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் டிபன் பாக்ஸைத் தனியாகத் திறந்தாய். அதுதான் எனக்கு வலித்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, வீம்பு.

மூன்றாம் நாள் D-யில் புது ஃபோல்டர் இருந்தது. பெயர், 'கலா தொடாதே'. பார்த்ததும் சிரித்துவிட்டேன், நீயும் சிரித்தாய். அன்று உன் புளியோதரையில் பாதி எனக்கு. மன்னிப்பு மட்டும் கேட்காமலே நின்றுபோயிற்று.

இன்று மதியம், "பழைய கம்ப்யூட்டரெல்லாம் நாளைக்கு எடுத்துட்டுப் போறாங்க மேடம். வேணுங்கறத காப்பி பண்ணிக்கோங்க" என்றார் பிரின்சிபால். பென் டிரைவோடு உன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். அந்த ஃபோல்டரில் பாதிக்கு மேல் இனி எதற்கும் உதவாது. இருந்தும் ஒன்றையும் விட மனம் வரவில்லை. யாரும் இல்லாத லேபில், "தொட்டுக்கட்டுமாடி?" என்று வாய்விட்டே கேட்டேன்.

புதியவற்றில் C மட்டும்தான் இருக்கிறது. டிஸ்கைப் பிரித்து உனக்காக ஒரு D உண்டாக்கி, ஃபோல்டரை அதில் வைத்தேன். பெயரை மாற்றவில்லை.

அன்று அழித்ததற்கு என்னை மன்னித்துவிடு. இப்போதெல்லாம் எங்கே போய் உட்காருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் தட்டுகிறேன்.