பெட்டியில் இருந்த ஷூ

பிப்ரவரி 5, வியாழன்
காலையில் நல்ல பனி. செட்டிகுளம் மலைக்கோயில் படி, மூன்று தடவை ஏறி இறங்கினேன். இன்றோடு இருபத்தொரு நாள். மூச்சு வாங்கவில்லை, முட்டியும் வலிக்கவில்லை. 49 வயசுக்கு இது போதும்.

ஞாயிறு பச்சைமலை. மலையேற்றக் குழு நடத்தும் செந்தில் கறாராகச் சொல்லிவிட்டார்: உச்சி வரை வருகிறவர்களுக்குத்தான் ஜூனில் மலேசியா. அங்கே போக ஆசைப்படும் இடங்களாக நான் எழுதிக் கொடுத்த வரிசை: 1. கினபாலு மலை 2. தாமான் நெகாரா காடு 3. முலு குகை. முதலாவது மட்டும் கிடைத்தாலே போதும்.

வீட்டுக்காரர்: "ரேஷன் கடைக்கே வண்டி கேக்குறவ, மலேசியாவுல மலை ஏறப் போறாளாம்!"

பதிலை ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம்.

பிப். 7, சனி
பை: தண்ணீர் 2 லி., புளிசாதம், குளுக்கோஸ், தொப்பி, விசில். சுடிதார் தைத்து வந்தது. இடுப்பு இறுக்கம்.

பொங்கலுக்கு வாங்கிய ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். நல்ல நாளில் போடலாம் என்று பத்திரமாக வைத்திருந்தது. புதுத்துணி என்றால் ஓரத்தில் மஞ்சள் வைக்கலாம். ஷூவுக்கு எங்கே வைப்பது?

பிப். 8, ஞாயிறு
வேப்பந்தட்டைப் பக்கம் அடிவாரம், 6.15. ஒன்பது பேர். முதல் ஒரு மணி நேரம் நான்தான் முன்னால். அப்புறம் குதிகால் எரிச்சல். இரண்டு காலிலும் கொப்புளம். ஒன்று உடைந்து சாக்ஸெல்லாம் ரத்தம்.

செந்தில் பார்த்துவிட்டார். "பழகாத ஷூவாக்கா?"

"இன்னிக்குத்தான் தம்பி போடுறேன்."

"தெனமும் மலை ஏறுறேன்னீங்களே?"

"அது கோயில் மலைங்க. செருப்பைக் கீழயே விட்டுட்டுல்ல ஏறணும்!"

அவருக்குச் சிரிப்பு. எனக்கும்தான். அப்புறம் அழுகை வந்துவிட்டது. வெறுங்காலோடு வருகிறேன் என்று கெஞ்சினேன்.

"மேல முள்ளும் சரளையுமா கெடக்குக்கா. விடமாட்டேன்."

துணைக்கு ஒரு பெண்ணை விட்டுவிட்டு மற்றவர்கள் போனார்கள். பாறையில் உட்கார்ந்து புளிசாதம் தின்றோம். உச்சி கண்ணுக்கு நேரே தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் காலைப் பார்த்தார். தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். கேலி செய்திருந்தாலே தேவலை.

பிப். 9, திங்கள்
செந்தில் போன். மலேசியாப் பட்டியலில் என் பெயர் இல்லை. "அடுத்த வருஷம் கட்டாயம் போலாம்க்கா." சரி என்றேன்.

குதிகாலில் பஞ்சு வைத்து ஒட்டி, ஷூவை மாட்டிக்கொண்டு ஆபீஸ். எல்லோர் கண்ணும் காலில்தான். பக்கத்து சீட் ஜமீலா: "என்னக்கா, சேலைக்கு ஷூவா?"

"இனிமே கோயிலுக்கு மட்டுந்தான் கழட்டுவேன்" என்றேன்.