ஜோவின் கேட்டால்

ரெனிட்டாவும் ஜோவினும் பேச்சை முறித்துக்கொண்டு ஒரு வாரமாகியிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பிளஸ் டூ தோழர்கள் எல்லாரும் காமெடி சீரியல் பார்க்க அவள் வீட்டில்தான் கூடுவார்கள், அவனும் வருவான். அவன் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல், குடியாத்தத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குக் கிளம்பினாள். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வரும் அம்மாவுக்கு டிவி மேல் சீட்டு எழுதி வைத்தாள்.

“அம்மா, கொழம்பு இருக்கு, சுட வெச்சு சாப்பிடு. பசங்க வந்தா சீரியல் போட்டு வுடு. ஜோவின மொறைக்காதம்மா, பாவம்.”

பிறகு அடியில் நெருக்கி எழுதினாள்: “என்னப் பத்தி கேட்டான்னா சித்தி வீட்டுக்கு போன் பண்ணு. கேக்கலேன்னா பண்ணாத.”

சீரியல் முடியுமுன்பே சித்தி வீட்டில் போன் அடித்தது.

“வாசல்லயே உன்ன கேட்டான்டி,” என்றாள் அம்மா. “இல்லேன்னதும் உள்ளகூட வரல. அப்டியே திரும்பிப் போய்ட்டான்.”