கிடாய் துலுக்கவில்லை

குண்டூர் நாடு, கொல்லிமலை
விய வருஷம் கார்த்திகை 12

பூனாவில் இருக்கும் மகன் அர்த்தனாரிக்கு அப்பன் செல்லமுத்து ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் காளைகள் இரண்டும் சுகம், நீயும் அப்படியே இருக்கக் கருப்பனார் துணை. சண்டை முடிந்ததும் மிலிட்டரி டிப்போவில் ஆளைக் குறைத்து உன்னையும் நிறுத்திவிட்டார்கள், இனி என்ன செய்யட்டும் என்று நீ போட்ட கடுதாசி போன சனிக்கிழமை வந்தது. நீ முன்னே இருந்த கோயமுத்தூர் மில்லிலும் இப்படித்தான் கதவைச் சாத்தினார்கள். அதற்காக வெட்கப்படாதே கண்ணு, வேலைதானே போயிற்று. இங்கே சாமை நன்றாக விளைந்தது, மிளகுக் கொடி இரண்டைக் காற்று சாய்த்துவிட்டது, உன் அம்மா அதற்கும் என்னைத்தான் திட்டுகிறாள்.

சேதி கேட்டதும், அடிவாரத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் உன் மாமன் ராசப்பன் மூச்சு வாங்க மலையேறி வந்துவிட்டான். நீ மண்டிக்கு வர வேண்டுமாம், தை பிறப்பதற்குள் பதில் வேண்டுமாம். எனக்கோ நீ வந்து ஏரைப் பிடிக்க வேண்டும் என்று ஆசை. பேச்சு முற்றி, சாமியையே கேட்டுவிடலாம் என்று கிடாயைக் கோயிலுக்குப் பிடித்துப் போனோம். தண்ணீர் ஊற்றிக் கேட்டால் அது உடம்பை உதறித் துலுக்க வேண்டும், துலுக்கினால் சாமி சம்மதம், உனக்குத் தெரியாததா. மகன் ஏருக்கு வரட்டுமா என்று நான் ஒரு குடம் ஊற்றினேன், அது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கழுத்து மாலையைத் தின்றது. மண்டிக்கு வரட்டுமா என்று மாமன் ஒரு குடம் ஊற்றினான், மீதி மாலையையும் தின்றது. ஏனுங்க மச்சான், இன்னொரு குடம் ஊத்திப் பாக்கலாமுங்க என்று அவன் கிளம்ப, ஆட்டுக்குச் சளி புடிச்சுக்குமப்பா என்று பூசாரி காளியண்ணன் எங்களை விரட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா பிடித்துக்கொண்டாள். ஏனுங்க, சாமியக் கேட்டீங்க, ஆட்டக் கேட்டீங்க, பெத்த பையன ஒரு வார்த்தை கேட்டீங்களா என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உன் பழைய கடுதாசிகளை எடுத்து அவளுக்குப் படித்தேன். மில்லில் இருந்த மூன்று வருஷமும் நலம், நலமறிய ஆவல், அவ்வளவுதான். டிப்போவுக்குப் போன பிறகு லாரிக்கு அடியில் படுத்து இஞ்சின் பழுது பார்த்ததைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய், செத்துக் கிடந்த வண்டி உறுமிக் கிளம்பிய கதையை மட்டும் மூன்று தடவை. அப்போதெல்லாம் நான் அதைத் தாண்டிவிட்டு, ஊருக்கு எப்போது வருகிறாய் என்ற வரியை மட்டும் தேடியிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான் கண்ணு.

மண்டிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள் என்று மாமனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான், பொங்கலுக்குச் சரியாகிவிடும். ஏரை இன்னும் ஐந்தாறு வருஷம் நானே பிடிப்பேன். நீ வந்தால் எனக்குச் சந்தோஷம், அதை மறைக்கமாட்டேன், ஆனால் எனக்காக வராதே.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, வெறும் டீயைக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. கருப்பனார் உன்னைக் காப்பார். உனக்கு எந்த வேலை பிடிக்கும் என்று மறக்காமல் பதில் எழுது. இருபத்தாறு வயசாகிறது உனக்கு, இதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பன் செல்லமுத்து