நாக்கடியில் வந்த நீர்க்கட்டி

அத்தை,

இன்று பள்ளியில் பல் மருத்துவ முகாம். டாக்டர் டார்ச் அடித்து, "நாக்கை மேல தூக்கும்மா" என்றார். அவர் கையுறையின் ரப்பர் வாசனை பட்டதுமே நீ வந்துவிட்டாய். பொன்னேரி ஆஸ்பத்திரியில் உன் வாய்க்குள் நானும் எட்டிப் பார்த்தேனே.

உன் நாக்கடியில் ஒரு பக்கமாக, நீலம் பாரித்து, தவளை வயிறு போல மினுமினுவென்று உப்பியிருந்தது. "புற்றுநோய் இல்லம்மா. எச்சில் வர்ற குழாய் அடைச்சு நீர் கோத்திருக்கு. அபூர்வமாத்தான் இப்படி வரும். சின்ன ஆபரேஷன்ல எடுத்துடலாம். நீங்களா குத்திடாதீங்க" என்றார் டாக்டரம்மா. புற்றுநோய் இல்லை என்றதுமே நீ சிரித்துவிட்டாய். மீதியை நான்தான் கேட்டுக்கொண்டேன்.

கழுத்தளவு ஏரித் தண்ணீரில் இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவர்கள், பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால்தான் கடித்துக்கொள்ள வேண்டும். உனக்கோ கட்டி முட்டி, பறி நழுவிக்கொண்டே இருந்தது. கூட வந்தவர்கள் கேலி செய்தார்கள். "இன்னாக்கா, பங்கு குடுக்காம வாயில இறால் பதுக்கி வெச்சிருக்கியா?"

ஒரு காலையில் இறால் தலையின் கொம்பை ஒடித்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றாய்.

"வேணாம் அத்தை. டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"கையில கொப்புளம் வந்தா இதாலதானே குத்திக்கிறோம்? சாவற வியாதி இல்லன்னு அவங்களே சொல்லிட்டாங்க. போய்ப் படிடி, பெரிய டாக்டரு."

கையைப் பிடித்தேன், உதறிவிட்டுக் குத்திக்கொண்டாய். கோழை போல நீர் வடிந்தது. அன்றே பறியைக் கடித்துக்கொண்டு ஏரியில் இறங்கினாய்.

இரண்டொரு நாளில் தாடைக்கடியில் கல் போல வீங்கியது. நாக்கு மேலே ஏறி மூச்சை அடைத்தது. அக்கரைக்குக் கொண்டுபோக நைனா படகை எடுத்தார். தண்ணீர் வற்றிய நேரம். பாதி வழியில் சேற்றில் தட்டி நின்றுவிட்டது. எல்லோரும் குதித்துத் தள்ளினோம். படகு தட்டினால் இறங்கிவிடுவதுதானே நம் வழக்கம்? மூச்சு இழுக்கும்போதும் நீ ஒரு காலை வெளியே போட்டாய். "ஐயோ, நீ உக்காரு!" என்று நைனா கத்தினார்.

கரை தெரிந்தது. ஆம்புலன்ஸ் நிற்பதும் தெரிந்தது. படகு நகர்ந்தபோது உன் மூச்சுச் சத்தம் நின்றிருந்தது.

பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். கெடுதல் இல்லாத கட்டி என்றே போட்டிருக்கிறது. தப்பென்று யாரிடம் சொல்வேன்?

நீ மெலிந்தவள், அத்தை. உன் ஒருத்தியை வைத்த படகு ஏன் அவ்வளவு கனத்தது? அதன் விளிம்பு அழுத்திய கனம் என் தோளிலிருந்து இன்னும் இறங்கவில்லை.