முத்திரையும் மூஸ் கொம்பும்

ஜூன் 11, செவ்வாய்

இன்று மூன்று பல்கலைக்கழகங்கள் கூடிப் பேசின. பேசி முடிப்பதற்குள் எனக்கு இரண்டாவது முறை தாடி முளைத்துவிட்டது. ஜன்னலைத் திறந்ததும் உள்ளே வந்த கொசுக்கள், அறையிலிருந்த பேராசிரியர்களைவிட எண்ணிக்கையில் அதிகம். வேலைத்திறனிலும்தான். வந்தன, கடித்தன, போய்விட்டன.

எனக்கு அங்கே என்ன வேலை? நான் ‘சமூகப் பிரதிநிதி’யாம். ஸ்வீடன், ஃபின்லாந்து, நார்வே மூன்றும் சேர்ந்து வடபுலவியல் என்றொரு கூட்டு முதுகலைப் படிப்பு நடத்தப் போகின்றன. அதற்கு வடபுலக் கல்விப் பேரவையின் அங்கீகார முத்திரை வேண்டும். முத்திரை வேண்டுமென்றால் குழுவில் உள்ளூர்க்காரன் ஒருவன் உட்கார்ந்திருக்க வேண்டுமென்று விதி. படிப்பின் ஒருங்கிணைப்பாளர் என் தங்கை மகள் மாலின். “மாமா, நீங்க வாயே திறக்க வேணாம். வந்து உக்காந்து பன் சாப்பிட்டாப் போதும்” என்றாள்.

எல்லைப் பாலத்தின் முன்னாள் சுங்க அதிகாரி, மூஸ் மான் வேட்டைக் குழுவின் நிரந்தரத் தலைவன், இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் முடிசூடா மன்னன் வல்ஃப்ரிட் பன் தின்ன அழைக்கப்பட்டேன். தின்றேன். ஏலக்காய் தூக்கல். குறை சொல்வதற்கில்லை.

முத்திரையாம் முத்திரை! என் வாழ்நாளில் நான் குத்திய முத்திரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலவுக்கு ஏறிப்போய், அங்கே ஒரு காபி குடித்துவிட்டு இறங்கலாம். எவனாவது அதற்காக இப்படிக் கண்ணீர் விட்டானா?

சண்டை எதற்கென்றால், தலைமை யாருக்கு என்பதற்கு. தலைமை எங்கேயோ அலுவலகமும் அங்கே. நார்வேக்காரி ராங்ன்ஹில், “கடல் எங்ககிட்டதானே இருக்கு?” என்றாள். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த ஃபின்லாந்துக்காரர் ரெய்யோ வெகுநேரம் மேசையைப் பார்த்துவிட்டு, “காடு” என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். நம் ஸ்வீடன் பக்கத்துத் துறைத் தலைவர் ஸ்டாக்ஹோம் ஆசாமி. நம்மிடம் தொலைநோக்கு இருக்கிறதாம். மனிதருக்கு மூக்குக்கண்ணாடியே மறந்து போகிறது.

திரும்பும்போது காரில் மாலின் சொன்னாள்: “கிறிஸ்துமஸுக்குள்ள முத்திரை வரலேன்னா படிப்பையே மூடிடுவாங்க மாமா. தெற்கே கோதன்பர்க்ல ஒரு வேலைக்குக் கூப்பிடுறாங்க. போய்த்தான் ஆகணும்.”

கோதன்பர்க்! அங்கே ஜனவரியில் மழை பெய்யுமாம். அதெல்லாம் ஒரு ஊரா?

ஜூன் 12

மாலின் போய்விட்டால் ஞாயிறு மூன்று மணிக் காபிக்கு யாரோடு உட்காருவது? பூனையோடா? பூனைக்கே என் கதைகள் அலுத்துவிட்டன.

ஜூலை 4, வியாழன்

இன்று திரைவழிக் கூட்டம். பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் முதலில் வரவேண்டும் என்ற உலக மகா பிரச்சினை. யாருக்கும் முதலிடம் இல்லாதபடி மூன்று பெயர்களையும் வட்டமாக அச்சடிக்கலாம் என்றாள் மாலின். கெட்டிக்காரி, என் ரத்தம். உடனே ராங்ன்ஹில் கேட்டாள்: “வட்டத்தோட உச்சில யாரு?”

ஆண்டுக்கு ஒருவர் முறைவைத்துத் தலைமை தாங்கலாம் என்று பேரவைக்கு எழுதிப் பார்த்தார்களாம். முடியாது என்று பதில் வந்துவிட்டது. ஏதாவது கெட்டுப்போனால் பிடிப்பதற்கு ஒரே ஒரு கழுத்து வேண்டும் என்பதைத்தான் அவர்கள் நான்கு பத்தியில் சொல்லியிருந்தார்கள். நான்காவது பத்தியில் நான் குறட்டை விட்டேன். ஒலிவாங்கியை அணைக்கவில்லை என்று மாலின் பிறகு சொன்னாள். போகட்டும், அன்றைய கூட்டத்தில் உருப்படியான கருத்து அதுதான்.

ஆகஸ்ட் 15

அடப் பாவிகளா!

பேரவையின் ஆய்வுக்குழு நேரில் பார்க்க வருகிறது. எப்போது? செப்டம்பர் முதல் வாரம். மூஸ் வேட்டை தொடங்கும் வாரம்! அந்த வாரம் இங்கே எவனும் சாகக்கூட மாட்டான், புதைக்கப் பாதிரியார் இருக்க மாட்டார், காட்டில் இருப்பார். பல் மருத்துவர் காட்டில். ஊராட்சித் தலைவர் காட்டில். வடபுலவியல் சொல்லித்தரும் விரிவுரையாளர்கள் ஒருவர் மிச்சமில்லாமல் காட்டில்.

தேதிக்குத் தலையாட்டியது நம் தொலைநோக்குத் துறைத் தலைவர். மாலின் போய்க் கேட்டபோது, “வேட்டையா? அதுக்கெல்லாமா லீவு போடுவாங்க?” என்றாராம். வடபுலத்தை ஆராயும் துறைக்கு இவர் தலைவர். மீன் கடைக்குக் காவலாகப் பூனையை வைத்தால்கூடப் பரவாயில்லை, அதற்கு மீன் என்றால் என்னவென்று தெரியும்.

“தேதிய மாத்தச் சொல்லு.”

“கேட்டுட்டேன் மாமா. மாத்தினா மார்ச்சுக்குத்தான் வருவாங்களாம்.”

மார்ச்சில் அவள் கோதன்பர்க் மழையில் நனைந்துகொண்டிருப்பாள்.

செப்டம்பர் 2, திங்கள்

வேட்டையின் முதல் நாளே விழுந்தது ஓர் ஆண் மூஸ். சுட்டவன் பொர்ஜே, என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவன். கொம்பு? ஒரு குடும்பம் அதில் ஏறிக் குடித்தனம் நடத்தலாம், விருந்தாளிக்குத் தனி அறையும் உண்டு. பொர்ஜேயைக் கேட்டால் குறைத்துச் சொல்வான். அவனுக்குக் கற்பனை போதாது.

குளிர் கொட்டகையில் தொங்கவிட்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை வெட்டிப் பங்கு பிரிப்பு.

செப்டம்பர் 5, வியாழன்

ஆய்வுக்குழு வந்திறங்கியது. தலைவி பெனெடிக்டே, கோபன்ஹேகன்காரி, வெள்ளை நிறக் காலணி. கூட இரண்டு பேர். அவர்கள் பேசுவதில்லை, குறிப்பெடுக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் யாருமே இல்லை. காபி இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததாம். அதைப் பேட்டி கண்டிருந்தால் நல்ல பதில் வந்திருக்கும்.

மாலின் போன் செய்தாள். குரல் உடைந்திருந்தது. “எல்லாரும் எங்கேன்னு கேக்குறாங்க மாமா. நான் என்ன சொல்ல?”

“காட்டுல இருக்காங்கன்னு சொல்லு. நாளைக்கு எல்லாரையும் கொட்டகைக்கே கூட்டிட்டு வந்துடு. ரெய்யோ, ராங்ன்ஹில், அந்தத் தொலைநோக்கு, எல்லாரையும்தான்.”

செப்டம்பர் 7, சனி காலை

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். ஒழுங்கு எனக்கு வராது. முயல்கிறேன்.

கொட்டகையில் பலகை மேசைமேல் கறி குவியல் குவியலாக வைத்திருந்தோம், ஆளுக்கொன்று. பிரிப்பது எப்போதும் போலத்தான். நான் மேசைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்பேன். பொர்ஜே ஒரு குவியலைக் கத்தியால் தொட்டு, “இது யாருக்கு?” என்பான். நான் ஒரு பெயரைச் சொல்வேன். அந்தக் குவியல் அந்தப் பெயருக்கு. எங்கள் அப்பன் காலத்திலும் இப்படித்தான். யாரும் முணுமுணுத்ததில்லை. முணுமுணுத்தவனை அடுத்த வருடம் கூப்பிட்டதில்லை.

பெனெடிக்டே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் காலணி இப்போது வெள்ளை இல்லை.

“எல்லாக் குவியலும் ஒரே எடையா?” என்று கேட்டாள்.

“இல்லீங்கம்மா. அதுக்குத்தானே முதுகு” என்றான் பொர்ஜே.

அவள் கொஞ்சம் சிரித்தாள். பிறகு பேராசிரியர்கள் பக்கம் திரும்பியதும் சிரிப்புப் போய்விட்டது. “நாளைக்குக் காலைல எனக்கு விமானம். பாடத்திட்டம் நல்லா இருக்கு, விரிவுரையாளர்கள் கையெல்லாம் ரத்தமா இருந்தாலும் நல்லாப் பேசுறாங்க. தலைமை யாரு? இப்பவே சொல்லுங்க. இல்லேன்னா கோப்ப மூடிடுறேன்.”

ராங்ன்ஹில் கடலை எடுத்தாள். ரெய்யோ, “காடு” என்றார். நம் தொலைநோக்கு, இதற்கென்று ஒரு பணிக்குழு அமைக்கலாம் என்று ஆரம்பித்தார். மாலின் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

பொர்ஜேக்குப் பொறுக்கவில்லை. “கறிக்கே அடிச்சுக்காத ஊருய்யா இது. காகிதத்துக்கு அடிச்சுக்கிறீங்களே, வெக்கமா இல்ல? என்ன, ஆளாளுக்குக் கொம்பு முளைச்சிருக்கா?”

ராங்ன்ஹில் அவனை முறைத்தாள். மேலே உத்தரத்தில் தொங்கிய கொம்பைப் பார்த்தாள். சட்டென்று வாய்விட்டுச் சிரித்தாள். “முளைச்சது அதோ தொங்குதே! எறக்குங்கய்யா அதை. கொம்பு யாருக்கோ தலைமை அவங்களுக்கு.”

மேசையில் மூன்று பொருள் வைத்தார்கள். கொம்பு, இதயம், நாக்கு. கொம்புக்குத் தலைமை. இதயத்துக்கு ஆய்வேடு எழுதும் பருவம். நாக்குக்கு முதல் பருவம், வாயாடும் பருவம். மூன்று பேரும் கையடித்துக்கொடுத்தார்கள். ரெய்யோகூட.

“இப்படிச் செய்யலாம்னு விதில எங்கயும் இல்லையே…” என்று பெனெடிக்டே தயங்கினாள்.

“செய்யக்கூடாதுன்னும் இல்ல” என்றார் குறிப்பெடுக்கும் ஆசாமிகளில் ஒருவர். வாயில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்!

நான் திரும்பி நின்றேன். மூக்குக்கு நேரே தார் பூசிய பலகை. திரும்பும்போதே பெயர்களை மனதில் வரிசைப்படுத்திக்கொள்வது என் வழக்கம். வரிசை போட்டபின் மாற்றுவதில்லை. அக்கரை, கடற்கரை, நாம். விருந்தாளி முன்னால், வீட்டுக்காரன் கடைசி.

“இது யாருக்கு?” என்றான் பொர்ஜே.

கூடவே தரையில் அவன் பூட்ஸ் தட்டிற்று. ஒரே ஒரு தட்டு.

பொர்ஜே தட்டுகிறவன் இல்லை. இத்தனை ஆண்டில் ஒருநாளும் தட்டியதில்லை. அப்படியென்றால் கத்தி இருந்தது கொம்பின் மேல். “நமக்கு” என்று ஒரு வார்த்தை போதும். அலுவலகம் இங்கே, மாலின் இங்கே, ஞாயிறு காபி என் வீட்டில். யாருக்குத் தெரியும்? சுவருக்குத் தெரியும். அது மரம்.

“அக்கரைக்கு” என்றேன்.

மற்ற இரண்டுக்கும் பெயர் சொல்லி முடித்துத் திரும்பியபோது ரெய்யோ கொம்பை இரண்டு கையாலும் தூக்கி வைத்திருந்தார், பிள்ளையைத் தூக்கத் தெரியாத அப்பனைப் போல. மாலின் என்னைப் பார்க்கவில்லை. தலைமை அக்கரையில் என்றால் அலுவலகம் அக்கரையில். அவளுடைய வேலையும் அக்கரையில்.

வண்டியில் பொர்ஜே கேட்டான். “செவிடாடா நீ?”

“கேட்டுச்சு.”

“பின்ன?”

“முதுகுன்னா முதுகா இருக்கணும்டா.”

வீடு வந்தது. இறங்கும்போது என் பங்குக் கறியோடு தன் பங்கிலிருந்து ஒரு துண்டையும் வைத்துவிட்டுப் போனான். முட்டாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மூன்று மணி. இரண்டு கோப்பை எடுத்து வைத்தேன். அவள் வரவில்லை.

அக்டோபர் 17

முத்திரை கிடைத்துவிட்டது!

அறிக்கையைப் படித்தேன். படித்து எழுந்தபோது என் நரை இன்னும் நரைத்திருந்தது. ‘உள்ளூர் மரபில் வேரூன்றிய, வெளிப்படையான, சமத்துவமிக்க கூட்டுத் தீர்மான முறைமை’யாம். கொட்டகையில் ரத்தம் சொட்டச் சொட்ட இதயத்தையும் நாக்கையும் பங்கு போட்டதற்கு இப்படி ஒரு பெயர்! பொர்ஜேயின் பூட்ஸைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல் இல்லை. ‘சமூகப் பிரதிநிதியின் தன்னலமற்ற பங்களிப்பு’ என்று ஒரு வரி இருக்கிறது. கத்தரித்து எறிந்துவிட்டேன்.

எறியவில்லை. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். பூனை படிக்கட்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

மாலின் வந்தாள். எங்கள் ஊர் வழக்கப்படி காபியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு, ஊறட்டும் என்று காத்திருந்தோம். காத்திருப்பதற்கு அது ஒரு நல்ல சாக்கு.

“ரெய்யோ கூப்பிட்டார் மாமா. ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு என்னையே வரச் சொல்றார்.”

“அந்தாளுக்குப் பேசக்கூடத் தெரியுமா?”

“நாலு வார்த்தை. எண்ணினேன்.”

கரண்டியால் கட்டியை அமுக்கிக்கொண்டே கேட்டாள்: “பொர்ஜே பூட்ஸ் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சுல்ல?”

“எந்த பூட்ஸ்?”

“கொட்டகைல இருந்த அத்தனை பேருக்கும் கேட்டுச்சு மாமா. ராங்ன்ஹிலுக்கும்தான். உங்க வாயிலேர்ந்து என்ன வருதுன்னு பாக்கத்தான் எல்லாரும் மூச்சடக்கி நின்னாங்க. ‘நமக்கு’ன்னு மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே கூட்டு உடைஞ்சு எல்லாம் முடிஞ்சிருக்கும்.”

எனக்குப் பேச்சு வரவில்லை. இந்தக் குறிப்பேட்டில் இப்படி ஒரு வரி எழுத நேரும் என்று நான் நினைத்ததில்லை.

“உங்க மேல ரெண்டு மாசம் கோவமா இருந்தேன். இன்னும் கொஞ்சம் இருக்கு” என்றாள். “எனக்கு இன்னொரு காபி ஊத்துங்க.”

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆறு நன்றாக உறைந்து இறுகிவிட்டது. பனிச்சாலை திறந்தாயிற்று. மூன்று மணிக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றின் மேல் நடந்தேன். உலர்த்திய மூஸ் கறி, ஒரு பொட்டலம் காபி, பாலாடைக்கட்டி. அக்கரையில் காபியும் கட்டியும் கிடைக்காதா என்றால் கிடைக்கும். அது வேறு.

நடு ஆற்றில் கொஞ்சம் நின்றேன். சுங்கத்தில் இருந்தபோது அக்கரையிலிருந்து வந்த ஒவ்வொரு பையையும் திறந்து குடைந்தவன் நான். இன்று என் பையைத் திறக்க ஓர் ஈ காக்கை இல்லை. கேவலமாக இருந்தது.

மாலினின் புது அலுவலகச் சுவரில் அந்தக் கொம்பை மாட்டியிருக்கிறார்கள். கோணலாக. ரெய்யோ மாட்டியதாம். சீனாவிலிருந்தும் கானாவிலிருந்தும் வந்த மாணவர்கள் அதில் தொப்பி தொங்கவிடுகிறார்கள். என்னை அவர்களுக்கு அறிமுகப்படுத்தினாள்: “எங்க மாமா. முதுகு இவருதான்.” அவர்கள் எழுந்து நின்றார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, கொம்பைப் பார்த்தேன்.

கால் மணி நேர நடை. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் சுவரில் மணி நாலேகால். அக்கரையில் எப்போதும் ஒரு மணி நேரம் முன்னால், இந்த ஃபின்லாந்துக்காரர்களுக்கு என்ன அவசரமோ.

“லேட் மாமா. காபி ஆறிப்போச்சு” என்றாள். ஆறின காபியை யாரும் தொடவில்லை. எனக்காகப் புதிதாகப் போட்டாள்.

என் கடிகாரத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன். அடுத்த ஞாயிறு ஒன்றேமுக்காலுக்கே கிளம்பினால் போகிறது.