சுவரின் சூடும் வௌவாலின் சூடும்

இன்று காலை புத்தளம் ஆஸ்பத்திரியில் என் மகளின் நெற்றிக் காயத்தைத் தைக்காமல் பசையால் ஒட்டினார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும், பள்ளிவாசல்துறைப் பக்கம் கைவிடப்பட்டுக் கிடந்த உப்புக் களஞ்சியத்தில் உன்னோடு நிற்பதுபோல் ஆகிவிட்டது. வௌவாலின் முதுகு மயிரைக் கத்தரித்து, வெப்பத்தை அளந்து வானொலியில் அனுப்பும் பயற்றங்கொட்டை அளவான கருவியை அப்படியொரு பசையால்தான் நாம் ஒட்டினோம்.

பனி நாடுகளில் சில பாலூட்டிகள் உடலைக் குளிரவிட்டு மாதக்கணக்கில் உறங்கும். நம் வெக்கைக் கரையில் வௌவால்கள் சில மணிநேரமாவது அப்படி உறங்குமா என்பதே நம் கேள்வி. மாரி மழையில் கணினித் திரையில் ஒரு வௌவாலின் வெப்பக்கோடு சரிந்து, தாழவே நின்றது. நான் துள்ளிக் குதித்தேன். நம் பேராசிரியருக்கும் சொல்லிவிட்டேன். நீ சிரிக்கவேயில்லை.

"மச்சான், இது வௌவால்ட சூடுதானா?"

"வேற என்ன?"

"சுவர்ட சூடா இருந்தா?"

"என்ன நம்பேலாதா ஒனக்கு?"

"ஒன்ன நம்புறன். பசைய நம்பல."

இரவிலும் அது வெளியே பறக்கவில்லையே என்றாய். மழைக்குள் எப்படிப் பறக்கும் என்றேன். கண்டுபிடிப்பு என்னுடையது என்பதால்தான் தடுக்கிறாயோ என்று எனக்கும் உன்மேல் சந்தேகம் வந்தது. மழை விட்டதும் ஏணி வைத்து ஏறினோம். சுவர் வெடிப்புக்குள் கருவி கிடந்தது, கொஞ்சம் மயிர் ஒட்டியபடி. வௌவால் இல்லை. அத்தனை நாளும் நான் கொண்டாடியது சுவரின் வெப்பத்தை.

"நல்ல காலம், நாமளே கண்டுபிடிச்சம்" என்றாய். அவ்வளவுதான்.

அடுத்த மாரியில் ஒவ்வொரு வௌவாலுக்கும் பக்கத்துச் சுவரிலும் ஒரு கருவி வைத்தோம். ஒரு மாலை சுவர் குளிர்ந்துகொண்டே போக, வௌவாலின் கோடு மட்டும் விறுவிறுவென்று ஏறியது. உறங்கிய உயிர் தன்னைத் தானே சூடாக்கி எழுந்தது. "இப்ப நம்புறன்" என்று என் தோளில் அடித்தாய்.

மோட்டார் சைக்கிள் விபத்தில் நீ போன பிறகு உன் கணினியை உன் மனைவி ரிஸானா என்னிடம் தந்தாள். கனமூலைக் கிராமத்தில் ஒரு பழைய வீட்டுக் கூரையில் நீ தனியாக எடுத்த பதிவு அதில் இருந்தது. நாம் பார்த்ததிலேயே நீண்ட உறக்கம். ஆனால் அங்கே சுவர்க் கருவி வேலை செய்யவில்லை. வீட்டையும் இடித்துவிட்டார்கள். சரிபார்க்க வழியில்லை. நம் ஆய்வுக் கட்டுரையிலிருந்து அதை நீக்கப் போகிறேன் என்று, என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ரிஸானாவிடம் நேரில் போய்ச் சொன்னேன்.

"நானா, அவர் கடைசியாச் செஞ்ச வேலை அது. அதயும் சந்தேகப்படுறீங்களா?"

"ஓம்."

"அவர் பொய் செய்வாரா?"

"செய்யமாட்டான். ஆனா கருவி விழுந்திருக்கலாம்."

பிறகு, "அவர் இருந்தா என்ன செய்வார்?" என்றாள்.

"எனக்கு முந்தி அவனே வெட்டியிருப்பான்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வெட்டுங்க" என்றாள்.

கட்டுரை உன் பெயரை முதலாவதாகத் தாங்கி வெளிவந்தது, அந்தக் கோடு இல்லாமல். இப்போதெல்லாம் அழகான கோடு எதைக் கண்டாலும் மகிழ்வதற்கு முன் உன் குரலில் ஒரு கேள்வி கேட்கிறேன். கனமூலை வௌவால் உண்மையாகவே உறங்கியிருக்கவும் கூடும், மச்சான். அந்தச் சந்தேகமும் என்னோடுதான் இருக்கிறது.